குழந்தையின் இதயத்தைக் காட்டும் ஒலி

தண்டவாளத்துக்குள் விரிசல் இருக்கிறதா என்று காதுக்கு எட்டாத ஒலி அலையைச் செலுத்திப் பார்ப்பதை செகந்திராபாத் தமிழர்களில் பலர் அறிவார்கள். உலோகத்தைச் சோதிக்கும் அப்படிப்பட்ட கருவி ஒன்றைத்தான் 1953-ல் ஸ்வீடனில் டாக்டர் எட்லரும் விஞ்ஞானி ஹெர்ட்ஸும் கப்பல் கட்டும் தளத்திலிருந்து இரவல் வாங்கி இதயத்தைப் பார்த்தார்கள். அதுவே இன்றைய 'எக்கோ'. ஹைதராபாத் ரெட்ஹில்ஸில் நிலோபர் ஆஸ்பத்திரி பிறந்ததும் அதே 1953-ல்தான்.

இதயத் தசை அழற்சி பெரும்பாலும் வைரஸ் காய்ச்சலைத் தொடர்ந்து வருவது. குழந்தை வாந்தி எடுக்கும், வயிறு வலிக்கிறது என்று அழும், மூச்சு வாங்கும். வீட்டில் அஜீரணம் என்று ஓமத்தண்ணீர் கொடுப்பார்கள். "சலைன் ஏற்றுங்கள்" என்று டாக்டரை வற்புறுத்துவோரும் உண்டு. தளர்ந்த இதயத்துக்கு அளவு மீறிய சலைன் ஆபத்து!

எக்கோவில் ஊசி இல்லை, எக்ஸ்ரே கதிரும் இல்லை. மார்பில் பசை தடவிக் கருவியை வைத்தால் இதயம் துடிப்பது திரையில் தெரியும். இடது கீழறை விரிந்திருக்கிறதா, சுற்றிலும் நீர் கோத்திருக்கிறதா என்று டாக்டர் பார்ப்பார். அந்த அறையிலுள்ள ரத்தத்தில் ஏறக்குறைய 55 சதவீதமாவது ஒவ்வொரு துடிப்பிலும் வெளியேற வேண்டும். எக்கோ சரியாக இருந்தாலும் நோய் இல்லை என்று சொல்லிவிட முடியாது, ஈ.சி.ஜி., ரத்தப் பரிசோதனை, சிலருக்கு எம்.ஆர்.ஐ.யும் தேவைப்படும்.

குணமான பிறகும் சில மாதங்கள் ஓட்டப் பந்தயம், கிரிக்கெட் எல்லாம் கூடாது. மறுபடி எக்கோ பார்த்து டாக்டர் சொன்ன பிறகுதான் மைதானம்.