‘சிக்னல் போச்சு’ என்கிறார்களே... ரிமோட் விமானம் கீழே விழுவது உண்மையில் எதனால்?

தண்ணீர் வற்றிய கண்மாய், அறுவடை முடிந்த வயல் என மதுரையைச் சுற்றிலும் திறந்தவெளிக்குப் பஞ்சமில்லை. சன்பேக் ஷீட்டிலும் தெர்மாகோலிலும் வெட்டி ஒட்டிய ரிமோட் விமானத்தைப் பறக்கவிட இதைவிட நல்ல இடம் கிடைக்காது. ஆனால், பல விமானங்கள் முதல் 20 விநாடிகளைக்கூடத் தாண்டுவதில்லை. விழுந்ததும் வரும் முதல் வசனம் பெரும்பாலும் ஒன்றுதான்: “சிக்னல் போச்சுண்ணே!”

உண்மையிலேயே சிக்னல்தான் போனதா? ரேடியோ கோளாறு என்று நினைப்பதில் பெரும்பகுதி, ஒயர், பேட்டரி, செட்டிங் இந்த மூன்றுக்குள்தான் அடங்கிக் கிடக்கிறது. அதாவது, விமானம் தரையில் இருக்கும்போதே கண்டுபிடித்திருக்கக் கூடியவை. இது வெறும் பணநஷ்டம் பற்றிய விஷயமும் இல்லை. ஒரு கிலோ எடையுள்ள விமானம், சுழலும் புரொப்பல்லரோடு, பக்கத்து வயலில் வேலை செய்பவர் மேல் போய் விழுந்தால் என்ன ஆகும் என்று யோசித்தால் போதும்.

2015 டிசம்பரில் இத்தாலியின் மடோனா டி காம்பிக்லியோவில் நடந்த பனிச்சறுக்கு உலகக் கோப்பைப் போட்டியில், ஆஸ்திரிய வீரர் மார்செல் ஹிர்ஷருக்கு ஒரு சில அடிகள் பின்னால் கேமரா ட்ரோன் ஒன்று விழுந்து நொறுங்கியது. நேரலையில் பார்த்தவர்கள் உறைந்துபோனார்கள். அங்கேயும் முதலில் சொல்லப்பட்ட காரணம், வெளியிலிருந்து வந்த ரேடியோ குறுக்கீடு. தொழில்முறை ஆட்களுக்கே இப்படி என்றால், கல்லூரி மாணவர்கள் செட்டிங்கை இரண்டு முறை பார்ப்பதில் தப்பில்லை.

நம் ஊரில் இந்த ஆர்வம் பரவியதற்கு ஒரு பிரபல முகமும் உண்டு. நடிகர் அஜித்குமாருக்கு ரிமோட் விமானம் பழைய பொழுதுபோக்கு. அவர் ஆலோசகராக இருந்த, சென்னை குரோம்பேட்டை எம்ஐடி மாணவர்களின் ‘தக்‌ஷா’ அணி 2018-இல் ஆஸ்திரேலியாவில் நடந்த மெடிக்கல் எக்ஸ்பிரஸ் போட்டியில் இரண்டாம் இடம் பிடித்தது. அந்தச் செய்தியைப் பார்த்து ஆன்லைனில் ரிமோட் ஆர்டர் போட்டவர்கள் எத்தனை பேரோ!

டிரான்ஸ்மிட்டரும் ரிசீவரும் எப்படிப் பேசிக்கொள்கின்றன?

கையில் இருப்பது டிரான்ஸ்மிட்டர். விமானத்துக்குள் இருக்கும் தீப்பெட்டி அளவு பொருள் ரிசீவர். குச்சியை அசைத்தால் அந்தக் கட்டளை ரேடியோ அலையாகப் போய், ரிசீவர் வழியாக சர்வோ மோட்டாருக்குச் சேர்கிறது. சர்வோவுக்குப் போவது ஒரு சின்ன மின்துடிப்புதான். அதன் நீளம் 1,000 மைக்ரோ விநாடி என்றால் ஒரு ஓரம், 2,000 என்றால் மறு ஓரம், 1,500 என்றால் நடு.

முன்பெல்லாம் 27, 35, 72 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைகளில் கிரிஸ்டல் மாட்டிப் பறக்கவிட்டார்கள். ஒரே மைதானத்தில் இரண்டு பேர் ஒரே சேனலை ஆன் செய்தால் விமானம் போச்சு. ‘சிக்னல் போச்சு’ என்ற வசனம் அந்தக் காலத்துக்கு நியாயமானது. இப்போது புழக்கத்தில் இருப்பது 2.4 கிகாஹெர்ட்ஸ். ஒரே இடத்தில் நிற்காமல் அலைவரிசைகளுக்கு இடையே தாவிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு டிரான்ஸ்மிட்டருக்கும் தனி அடையாள எண் உண்டு. அதை ரிசீவர் மனப்பாடம் செய்துகொள்வதுதான் ‘பைண்ட்’ செய்வது. பக்கத்தில் நாலு பேர் பறக்கவிட்டாலும் உங்கள் ரிசீவர் உங்கள் பேச்சைத்தான் கேட்கும்.

பைண்ட் ஆகவே மாட்டேங்குதா?

புதிதாகக் கற்பவர்கள் கையில் அதிகம் பார்க்கக்கூடியது ஃபிளைஸ்கை எஃப்எஸ்-ஐ6 ரிமோட்டும் அதன் ஐஏ6பி ரிசீவரும். பைண்ட் பிளக்கை ரிசீவரின் ‘பி/விசிசி’ இடத்தில் செருகி, மின்சாரம் கொடுத்தால் சிவப்பு எல்இடி வேகமாகச் சிமிட்டும். பைண்ட் பட்டனை அழுத்திப் பிடித்தபடியே ரிமோட்டை ஆன் செய்ய வேண்டும். சிமிட்டும் விதம் மாறினால் வேலை முடிந்தது. பிளக்கைக் கழற்றிவிட்டு இரண்டையும் மறுபடி ஆன் செய்து பார்க்கலாம்.

ஆகவில்லை என்றால் முதல் சந்தேகம், இரண்டும் ஒரே மொழி பேசுகிறதா என்பதில். ஒரே கம்பெனிக்குள்ளேயே பழைய ஏஎஃப்எச்டிஎஸ், புதிய ஏஎஃப்எச்டிஎஸ் 2ஏ என்று இரண்டு முறைகள் உண்டு. ஐ6 மெனுவில் ‘ஆர்எஃப் ஸ்டாண்டர்ட்’ பகுதியில் மாற்றிக்கொள்ளலாம். வேறு கம்பெனி ரிசீவர் என்றால் விலை குறைவாகக் கிடைத்ததே என்று வாங்கியிருந்தாலும் பிரயோஜனமில்லை.

இதே ரிமோட்டில் இன்னொரு வினோதமும் இருக்கிறது. மாற்றிய செட்டிங் சேமிக்கப்பட வேண்டும் என்றால் ‘ஓகே’ அல்ல, ‘கேன்சல்’ பட்டனை நீண்ட நேரம் அழுத்த வேண்டும்! இதை வடிவமைத்தவர் என்ன நினைத்தாரோ. “நான் மாத்தினேன், ஆனா மாறலையே” என்ற புலம்பல்களுக்குக் காரணம் இதுதான்.

லைட் எரியுது, மோட்டார் சுத்தலையே?

“அண்ணே, பைண்ட் ஆயிடுச்சு. மோட்டார் மட்டும் கத்திக்கிட்டே இருக்குண்ணே” என்று ஜூனியர் சொன்னால், சீனியர் முதலில் பார்க்க வேண்டியது த்ராட்டில் குச்சியை. அது முழுக்கக் கீழே இல்லாவிட்டால், மோட்டாரை இயக்கும் இஎஸ்சி பாதுகாப்புக்காக விடாமல் பீப் அடித்துக்கொண்டே இருக்கும். குச்சி கீழேதான் இருக்கிறது என்றால், பிளக் தவறான சேனலில் இருக்கலாம். ஃபிளைஸ்கையில் முதல் சேனல் எய்லரான், இரண்டு எலிவேட்டர், மூன்று த்ராட்டில், நான்கு ரடர். ஸ்பெக்ட்ரம் போன்ற கம்பெனிகளில் த்ராட்டில்தான் முதலில் வரும். ஒரு கம்பெனி வீடியோவைப் பார்த்து இன்னொரு கம்பெனி ரிசீவரில் மாட்டினால் குழப்பம்தான்.

சர்வோ ஒன்று மட்டும் செத்த மாதிரி கிடக்கிறதா? அதை வேலை செய்யும் வேறொரு சேனலில் மாற்றிச் செருகிப் பாருங்கள். அங்கே அசைந்தால் சர்வோ நல்லது, சேனலில்தான் பிரச்சினை. பிளக்கைத் திருப்பிச் செருகியிருந்தாலும் அசையாது. பிளஸ் ஒயர் நடுவில் இருப்பதால் பெரும்பாலும் எரிந்துபோகாது. நேராகச் செருகினால் போதும்.

இந்தச் சோதனைகள் எல்லாமே புரொப்பல்லரைக் கழற்றிவிட்டுத்தான். மேசை மேல் வைத்துப் பார்க்கும்போது திடீரென மோட்டார் சுழன்றால் விரல் போய்விடும்.

இடம் வலமாகிறதா?

புறப்பட்ட உடனே தலைகீழாகப் புரண்டு விழும் விமானத்தில் முதலில் சந்தேகப்பட வேண்டியது எய்லரான் திசையை. ரிசீவரில் ஒரு குற்றமும் இருக்காது. கட்டளை சரியாகப் போகும், ஆனால் எதிர்த் திசையில்.

விமானத்துக்குப் பின்னால் நின்றுகொண்டு குச்சியை வலப்பக்கம் சாய்த்தால், வலது இறக்கையின் எய்லரான் மேலே எழ வேண்டும். கட்டைவிரலைக் குச்சியின் மேல் நட்டுவைத்துச் சாய்த்தால், விரல் எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் எழ வேண்டும் என்று நினைவில் வைக்கலாம். குச்சியை உங்களை நோக்கி இழுத்தால் எலிவேட்டர் மேலே. ரடர் குச்சி வலமென்றால் வால் பலகையும் வலம். மாறி இருந்தால் ரிமோட்டின் ‘ரிவர்ஸ்’ மெனுவில் திருப்பிவிடலாம். ஒயரில் கை வைக்க வேண்டியதில்லை.

மதுரை வெயிலும் 5 வோல்ட்டும்

பலர் கவனிக்காமல் விடுவது இதைத்தான். ரிசீவருக்கும் சர்வோக்களுக்கும் தனி பேட்டரி கிடையாது. மோட்டார் பேட்டரியின் மின்னழுத்தத்தை 5 வோல்ட்டாகக் குறைத்துத் தருவது இஎஸ்சிக்குள் இருக்கும் பிஇசி. விலை குறைந்த இஎஸ்சிகளில் இது ‘லீனியர்’ வகை. அதாவது மிச்ச மின்னழுத்தத்தை வெப்பமாக்கி வெளியே தள்ளும்.

கணக்கு எளிது. முழு சார்ஜில் மூன்று செல் லிப்போ பேட்டரி 12.6 வோல்ட். அதில் 5 போக 7.6 வோல்ட் மிச்சம். சர்வோக்கள் ஒரு ஆம்பியர் இழுத்தால் 7.6 வாட் வெறும் சூடாகிறது. பயன்படுவதோ 5 வாட்தான். சித்திரை, வைகாசியில் 40 டிகிரி அடிக்கும் மதுரை வெயிலில், காற்றே புகாத தெர்மாகோல் உடம்புக்குள் அதை வைத்தால்? சூடு தாங்காமல் பிஇசி கொஞ்ச நேரம் கைவிடும். ரிசீவர் அணைந்து மறுபடி எழும். அந்த இரண்டு, மூன்று விநாடிகள் போதும், விமானம் தரைக்கு வந்துவிடும். விழுந்த பிறகு எடுத்துப் பார்த்தால் எல்லாமே வேலை செய்யும். அதனால்தான் பழி சிக்னல் மேல் விழுகிறது.

ஐ6 ரிமோட் திரையில் ரிசீவரின் மின்னழுத்தம் தெரியும். எல்லாக் குச்சிகளையும் ஒரே நேரத்தில் வேகமாக ஆட்டிப் பாருங்கள். எண் 5-ஐ ஒட்டியே நிற்க வேண்டும். 4 பக்கம் இறங்கினால் அந்த பிஇசியை நம்பிப் பறக்கவிடாதீர்கள். இஎஸ்சி இருக்கும் இடத்தில் காற்று நுழைய ஒரு துளை, வெளியேற அதைவிடப் பெரிய துளை போடுவது பாதிப் பிரச்சினையைத் தீர்க்கும். சர்வோக்கள் அதிகம் என்றால் தனியாக ‘ஸ்விட்ச்சிங்’ வகை பிஇசி வாங்குவதே நல்லது.

ஆன்டெனாவை எப்படி வைப்பது?

2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 12.5 செ.மீ. அதில் நாலில் ஒரு பங்கான 31 மி.மீ. அளவுக்குத்தான் ஆன்டெனா ஒயரின் நுனி உறையில்லாமல் இருக்கும். அந்தச் சின்ன நுனிதான் உண்மையான ஆன்டெனா. அதை மடக்கி பேட்டரிக்கு அடியில் திணித்தால் தூரம் குறையும். இரண்டு ஆன்டெனாக்கள் இருந்தால் ஒன்றுக்கொன்று செங்குத்தாக, ‘எல்’ வடிவில் ஒட்ட வேண்டும். கார்பன் ஃபைபர் கம்பி பக்கத்தில் வேண்டாம். அது அலையை மறைக்கும். ரிமோட்டின் ஆன்டெனா நுனியை விமானத்தை நோக்கி நீட்டுவதும் தவறு. நுனிப் பக்கம்தான் சிக்னல் மிகக் குறைவு.

கண்மாய்க் கரைக்குப் பின்னாலோ, அடர்ந்த கருவேல மரங்களுக்குப் பின்னாலோ விமானம் தாழ்வாகப் போனால் சிக்னல் நிஜமாகவே பலவீனமாகும். உயர் அழுத்த மின்கம்பியால் சிக்னல் கெடும் என்ற பேச்சும் உண்டு. கம்பிகளின் மின் இரைச்சல் பெரும்பாலும் இதைவிட மிகக் குறைந்த அலைவரிசைகளில்தான். பயப்பட வேண்டியது, விமானம் கம்பியில் மாட்டிக்கொள்வதற்கு.

ஃபெயில்சேஃப் வைத்தாயிற்றா?

எல்லாம் சரியாக இருந்தும் ஒருநாள் சிக்னல் போகலாம். அப்போது என்ன செய்ய வேண்டும் என்று ரிசீவருக்கு முன்பே சொல்லிவைப்பதுதான் ஃபெயில்சேஃப். சில ரிசீவர்கள் கடைசியாக வந்த கட்டளையையே பிடித்துக்கொண்டிருக்கும். கடைசியாகக் கொடுத்தது முழு த்ராட்டில் என்றால், விமானம் முழு வேகத்தில் ஊருக்குள் போகும்.

த்ராட்டில் சேனலுக்கு அதைப் பூஜ்ஜியத்தில் வைத்துவிட்டு (மறக்காமல் கேன்சல் பட்டன்!), புரொப்பல்லர் இல்லாமல் மோட்டாரைப் பாதி வேகத்தில் ஓடவிட்டு, ரிமோட்டை அணையுங்கள். உடனே மோட்டார் நின்றால் சரி. நிற்கவில்லை என்றால் அன்றைக்குப் பறக்கவிட வேண்டாம். ஒரு நிமிட வேலை. இதைச் செய்யாமல் மைதானத்துக்கு வருபவர்களைச் சீனியர்கள் திருப்பி அனுப்பினாலும் தப்பில்லை.

அனுமதி தேவையா?

இந்தியாவில் 2.4 கிகாஹெர்ட்ஸை, நிர்ணயித்த சக்திக்குள், உரிமம் இல்லாமல் பயன்படுத்த 2005-இலேயே அனுமதி வந்துவிட்டது. நீண்ட தூரத்துக்கு என்று விற்கும் 915 மெகாஹெர்ட்ஸ் கருவிகள் அமெரிக்காவுக்கானவை. இங்கே உரிமம் வேண்டாத பட்டை 865-இல் தொடங்குகிறது. எக்ஸ்பிரஸ்எல்ஆர்எஸ் போன்ற மென்பொருளில் இந்தியாவுக்கென்றே 866 தேர்வு இருக்கிறது. அதைத்தான் எடுக்க வேண்டும்.

வானத்துக்கு 2021 ட்ரோன் விதிகள். 2 கிலோ வரையிலான விமானத்தை வணிக நோக்கமின்றிப் பறக்கவிட பைலட் சான்றிதழ் தேவையில்லை. ஆனால், கண்ணுக்குத் தெரியும் தூரத்துக்குள்தான் பறக்க வேண்டும். பச்சை மண்டலத்தில் 400 அடி வரை அனுமதி கேட்க வேண்டாம். விமான நிலையச் சுற்றெல்லையிலிருந்து 8 முதல் 12 கி.மீ. வரை அது 200 அடி. 8 கி.மீ.க்குள் அனுமதியின்றிக் கூடாது. அவனியாபுரமும் திருப்பரங்குன்றமும் மதுரை விமான நிலையத்திலிருந்து அந்த எல்லைக்குள் வருபவை. அலங்காநல்லூர்ப் பக்கம் விமான நிலையத்திலிருந்து தள்ளி இருக்கிறது என்றாலும், கிளம்பும் முன் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் அன்றைய மண்டல நிறத்தைப் பார்த்துவிடுவது நல்லது.