இரவில் எரியும் நிலக்கரி யார் கணக்கில்?

2030 ஜனவரி 1 முதல் பசுமை ஹைட்ரஜனுக்கு ஐரோப்பிய ஒன்றியம் மணிக்கணக்குப் பார்க்கப்போகிறது. வாசகர்கள் பலர் குழம்பிக் கேட்கிறார்கள்: தண்ணீரைப் பிரித்தால் புகையே வராதே, அதில் என்ன கணக்கு?

எலெக்ட்ரோலைசரில் புகை வராதுதான். ஆனால் ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு 50 யூனிட்டுக்குக் குறையாமல் மின்சாரம் போகிறது. நம் நாட்டில் ஒரு யூனிட்டுக்குச் சராசரியாகச் சுமார் 0.7 கிலோ கார்பன் டை ஆக்ஸைடு. பெருக்கினால் 35 கிலோ. இயற்கை எரிவாயுவிலிருந்து எடுக்கும் பழைய முறையிலேயே 10 கிலோதான்.

2023 ஆகஸ்டில் மத்திய அரசு தந்த வரையறை, கிலோவுக்கு 2 கிலோ உமிழ்வு என வரம்பு கட்டுகிறது. அதுவும் 12 மாதச் சராசரியில். கண்டிப்பான எண்தான். ஆனால் கிரிட்டில் 'பேங்கிங்' செய்து திரும்ப எடுக்கும் மின்சாரத்தையும் அதே வரையறை புதுப்பிக்கத்தக்கது என்று ஏற்றுக்கொள்கிறது. எனக்கு உறுத்துவது இந்த இடம்தான்.

நண்பகலில் சோலார் நிலையம் 100 யூனிட்டை கிரிட்டில் விடுகிறது. அது அந்த நொடியே எங்கோ ஒரு பம்ப்செட்டில் செலவாகிவிடும். இரவு பத்து மணிக்கு ஆலை தன் 100 யூனிட்டைத் திரும்பக் கேட்கும்போது, அனல்மின் நிலையம்தான் உற்பத்தியைக் கூட்டித் தருகிறது. ஏட்டில் வெயில், கொதிகலனில் நிலக்கரி. பகலில் நிலக்கரி மிச்சமாகிறதே என்பார்கள். ஆகிறது, ஆனால் சோலார் பெருகப் பெருக நண்பகலில் குறைக்க நிலக்கரி அதிகம் இருக்காது, இரவுத் தேவை மட்டும் அப்படியே நிற்கும். மத்திய அரசின் 2022 பசுமை ஹைட்ரஜன் கொள்கை, பேங்கிங் செய்த மின்சாரத்தைத் திரும்ப எடுக்க 30 நாள் அவகாசம் தருகிறது. நம் காற்றாலைக்காரர்களுக்கு இந்த ஏற்பாடு பழக்கமானதே.

ஆலைகளின் சிக்கலும் புரிகிறது: கோடிகள் போட்டு வாங்கிய எலெக்ட்ரோலைசர் வெயில் சாய்ந்ததும் சும்மா நின்றால் ஹைட்ரஜன் விலை ஏறும். ஐரோப்பாவும் 2029 முடியும்வரை மாதக் கணக்கையே ஏற்கிறது. அதன்பின் எந்த மணியில் ஹைட்ரஜனோ, அந்த மணியில் விளைந்த மின்சாரம்தான் செல்லும். ஹைட்ரஜனிலிருந்து செய்த அம்மோனியாவைத் தூத்துக்குடியிலிருந்து ஐரோப்பாவுக்கு அனுப்ப நினைப்பவர்கள் ஆலையை இப்போதே அதற்கேற்ப வடிவமைக்க வேண்டும்.

மற்ற கேள்விகளுக்குச் சுருக்கமாக. அம்மோனியாவுக்கும் இது பொருந்துமா? பொருந்தும், அதன் கார்பன் சுமையில் பெரும்பங்கு ஹைட்ரஜனுடையது.

காரைக்குடி சிக்ரி போன்ற ஆய்வகங்கள் மின்செலவைக் குறைக்குமா? குறைக்கலாம்; வெளியிலிருந்து வெப்பம் தராமல் 39 யூனிட்டுக்குக் கீழே இறங்க முடியாது.

தண்ணீர்? வினைக்கு மட்டும் கிலோவுக்கு 9 லிட்டர்.

பேட்டரியில் சேமித்தால்? அது உண்மையான சேமிப்பு, விலை கூடும்.