அடைத்துக்கொண்ட பிரிண்டர் ஹெட்: கழுவும் முன் தெரிந்திருக்க வேண்டியவை

இங்க்ஜெட் பிரிண்டரின் ஹெட்டில் மை தெறிக்கும் துளைகள் தலைமயிரைவிட மெல்லியவை. பிரிண்டரைச் சில வாரங்கள் தொடாமல் விட்டால், துளை வாயில் நிற்கும் மையிலுள்ள நீர் ஆவியாகி, மிச்சம் கெட்டிப்பட்டு அடைத்துக்கொள்ளும். நீரில் முழுதாகக் கரைந்த சாய மையைவிட, நுண்துகள்கள் கலந்த பிக்மென்ட் மை இதில் பொல்லாதது. பல மாடல்களில் கறுப்பு மட்டுமே பிக்மென்ட் வகை. கலர் படம் பளிச்சென்று வர, கறுப்பு எழுத்து மட்டும் விட்டுவிட்டு வருவதற்கு இது ஒரு காரணம்.

வேலை முடிந்ததும் ஹெட் ஓரமாகப் போய் ஒரு ரப்பர் மூடியின்மேல் உட்கார்ந்துகொள்ளும். காற்றுப் படாமல் மையைக் காப்பது அந்த மூடிதான். பிரிண்டரின் பவர் பொத்தானால் அணைத்தால் இது ஒழுங்காக நடக்கும். அச்சிடும்போதே சுவர் சுவிட்சை அணைத்தாலோ கரண்ட் போனாலோ ஹெட் மூடியில்லாமல் பாதி வழியில் நின்றுவிடும். கரண்ட் வந்தபின் ஒருமுறை போட்டு, பொத்தானாலேயே அணைத்து வைப்பது நல்லது.

கோளாறு எது என்று காட்டுவது, பிரிண்டரே அச்சிட்டுத் தரும் நாசில் (மைத்துளை) செக் தாள். கோடுகளில் இடையிடையே வெட்டு விழுந்திருந்தால் அந்தத் துளைகள் அடைத்திருக்கின்றன. ஒரு நிறம் அடியோடு வரவில்லையென்றால் மை தீர்ந்திருக்கலாம், டேங்க் பிரிண்டரில் குழாய்க்குள் காற்றும் புகுந்திருக்கலாம். அடுத்தது மெனுவிலுள்ள ஹெட் கிளீனிங். இரண்டு மூன்று முறை ஓட்டி, ஒவ்வொரு முறையும் தாள் எடுத்துப் பார்க்க வேண்டும். தேறவில்லையென்றால் பிரிண்டரை அணைத்துப் பன்னிரண்டு மணி நேரம் சும்மா விடுவதே மேல். காய்ந்த மை ஊறி இளகும், காற்றுக் குமிழும் அடங்கும்.

பெரும்பாலோர் பொறுமை இழப்பது இந்த இடத்தில்தான். கிளீனிங்கைப் பத்து முறை தொடர்ந்து ஓட்டினால், உறிஞ்சப்படும் மை முழுவதும் அடியிலுள்ள பஞ்சுப் பட்டைக்குப் போகிறது. பட்டை நிறைந்துவிட்டது என்று உள்கணக்கு சொன்னதும் பிரிண்டர் வேலை செய்ய மறுத்துவிடும். சில மாடல்களில் அதை வீட்டிலேயே மாற்றலாம். மற்றவற்றுக்குச் சர்வீஸ் சென்டர்தான் கதி. டேங்க் மாடல்களின் ‘பவர் கிளீனிங்’ இன்னும் அதிக மை குடிப்பது. டேங்கில் மை குறைவாக இருக்கும்போது ஓட்டினால் குழாயில் காற்றேறி, இருந்த நிலையும் கெடும்.

கையால் கழுவுவதா கூடாதா என்பது ஹெட் எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது. எச்பி, கேனன் நிறுவனங்களின் விலை குறைந்த இரண்டு கார்ட்ரிட்ஜ் மாடல்களில் ஹெட் கார்ட்ரிட்ஜிலேயே இருக்கிறது. வெதுவெதுப்பான டிஸ்டில்டு வாட்டரில் நனைத்து மடித்த டிஷ்யூமேல் துளைப் பக்கம் கீழே இருக்கும்படி சில நிமிடம் வைத்து, பிறகு உலர்ந்த டிஷ்யூவில் தேய்க்காமல் ஒற்ற வேண்டும். கலர் கார்ட்ரிட்ஜ் என்றால் நீலம், சிவப்பு, மஞ்சள் மூன்றும் தனித்தனிப் பட்டையாகப் பதியும். பதியாத நிறம் இன்னும் அடைத்திருக்கிறது. செம்பு நிற மின்தொடர்புப் புள்ளிகளில் ஈரம் பட்டால், நன்கு காய்ந்தபின்பே மாட்ட வேண்டும். அப்படியும் சரியாகாவிட்டால் புது கார்ட்ரிட்ஜ் வாங்கினால் புது ஹெட்டும் கிடைத்துவிடும்.

எப்சன் பிரிண்டர்களில் ஹெட் எந்திரத்தோடு பொருத்தப்பட்டது. அதற்குள் சிரிஞ்சால் நீரை அழுத்தி ஏற்றும் வைத்தியம் பரவலாக நடக்கிறது. அழுத்தம் கூடினால் உள்ளிருக்கும் சீல்கள் பிய்ந்துபோகும். நீர் மேலேறி மின்சுற்றில் பட்டால் ஹெட்டோடு மெயின் போர்டும் போகும். அசிட்டோன், தின்னர் இரண்டும் பிளாஸ்டிக்கையும் பசையையும் அரிக்கும். போர்வெல் நீர் உப்பைப் படியவைக்கும்.

வாரன்டி இருக்கும்போது எதையும் கழற்றாமல் இருப்பதே புத்திசாலித்தனம். உள்ளே கைவைத்த அடையாளமும் நிறுவனத்தினுடையதல்லாத ‘வெளி மை’யும் வாரன்டி மறுப்புக்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்கள். சர்வீஸ் சென்டரில் கொடுக்கும்போது ஜாப் ஷீட்டில் கோளாறை எழுதி வாங்க வேண்டும். மறுத்தால் மறுப்புக்கான காரணத்தையும் எழுத்தில் கேட்க வேண்டும். தேதி குறித்த நாசில் செக் தாள்களைப் பில்லோடு சேர்த்து வைத்தால் அவையே பின்னால் சாட்சி. பில் தராமல் விற்பதை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 நேர்மையற்ற வணிக நடைமுறைகளில் ஒன்றாகச் சொல்கிறது.

நிறுவனம் செவிசாய்க்காவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. புகார்தாரர் குடியிருக்கும் அல்லது வேலை பார்க்கும் மாவட்டத்திலேயே மனு கொடுக்கலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் போக வேண்டும். ஆய்வகச் சோதனை தேவையில்லாத வழக்கை 3 மாதத்திலும், தேவைப்படுவதை 5 மாதத்திலும் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் பெரும்பாலும் இழுக்கும். ஆறு மாதம் மூடிவைத்த பிரிண்டர் அடைத்ததை உற்பத்திக் குறை என்று நிறுவுவதும் எளிதல்ல. வாங்கிய சில நாளிலேயே கோடு விழுந்தது, சொல்லாமல் பழுதுபார்ப்புக் கட்டணம் வசூலித்தது, ஆதாரமின்றி ‘வெளி மை’ என்று எழுதியது போன்றவற்றில்தான் வழக்குக்கு வலு.

வாரம் ஒரு கலர் பக்கம் எடுத்தால் அடைப்பு பெரும்பாலும் வராது. வருடத்துக்கு நாலைந்து முறை மட்டும் அச்சிடும் வீட்டுக்கு இங்க்ஜெட்டே பொருத்தமில்லை. உலரும் மை லேசர் பிரிண்டரில் இல்லை. இனித் தேறாது என்றான பிரிண்டரையும் கார்ட்ரிட்ஜையும் குப்பைத் தொட்டியில் போடக்கூடாது. 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பிலுள்ள மின்கழிவு விதிகளில் இரண்டும் அடங்கும், அவற்றை மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு உற்பத்தியாளருடையது. நிறுவனத்தின் இணையதளத்திலோ வாடிக்கையாளர் எண்ணிலோ விசாரித்து, அது காட்டும் சேகரிப்பு மையத்தில் ஒப்படைக்கலாம்.