உயர் இயங்கு வீச்சுப் படமாக்கம்

உயர் இயங்கு வீச்சுப் படமாக்கம் என்பது, ஒரே காட்சியை வெவ்வேறு ஒளிபடு நேரங்களில் எடுத்த பல ஒளிப்படங்களை இணைத்து, ஒளி மிகுந்த பகுதிகளின் விவரங்களையும் நிழற்பகுதிகளின் விவரங்களையும் ஒருசேரப் பதிவு செய்யும் நுட்பம் ஆகும். காட்சியின் மிக ஒளிர்வான பகுதிக்கும் மிக இருண்ட பகுதிக்கும் இடையிலான விகிதம் இயங்கு வீச்சு எனப்படுகிறது.

தேவை

கடலூர் மாவட்டம் விருத்தாசலத்தில் உள்ள பழமலைநாதர் கோயில் மண்டபத்தினுள் நின்று நண்பகலில் வெளிப்பிரகாரத்தைப் படமெடுப்பதை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். தூண்களுக்கேற்ப ஒளியை அமைத்தால் பிரகாரம் வெளிறிவிடும்; பிரகாரத்திற்கேற்ப அமைத்தால் தூண்கள் இருளில் மறையும். 8 பிட் படத்தில் ஒவ்வொரு நிறத்திற்கும் 256 படிநிலைகளே உள்ளன. 255 என்ற உச்ச அளவை எட்டிய பகுதியின் விவரத்தை எந்த மென்பொருளாலும் மீட்க இயலாது.

வரலாறு

1850களில் பிரான்சின் குஸ்தாவ் லெ கிரே, வானத்திற்கும் கடலுக்கும் தனித்தனி எதிர்ப்படிகளைப் பயன்படுத்தி ஒரே படமாக அச்சிட்டார். 1997இல் பால் டெபவெக், கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பயின்ற ஜிதேந்திர மாலிக் ஆகியோர், பல ஒளிப்படங்களிலிருந்து காட்சியின் ஒளிர்வைக் கணிக்கும் முறையை வெளியிட்டனர். 2005இல் போட்டோஷாப் சிஎஸ்2 இவ்வசதியைப் பெற்றது. லூமினன்ஸ் எச்டிஆர் என்பது இப்பணிக்கான கட்டற்ற மென்பொருள் ஆகும்.

செயன்முறை

1. ஒளிப்படக்கருவி முக்காலியில் பொருத்தப்படுகிறது. துளையளவு மாற்றப்படுவதில்லை.
2. வழமையான அளவில் ஒன்று, நான்கில் ஒரு பங்கு நேரத்தில் ஒன்று, நான்கு மடங்கு நேரத்தில் ஒன்று என மூன்று படங்கள் எடுக்கப்படுகின்றன.
3. மென்பொருள் அவற்றைப் பொருத்தி, ஒளிர்வுத் தரவாக இணைக்கிறது.
4. அத்தரவு, சாதாரணத் திரை காட்டக்கூடிய வீச்சிற்குள் சுருக்கப்படுகிறது. இது தொனிப் பொருத்தம் எனப்படும்.

வரம்புகள்

படங்களுக்கிடையே நகர்ந்த மனிதர்களும் மரக்கிளைகளும் இணைந்த படத்தில் நிழலுருக்களாகத் தோன்றலாம். தொனிப் பொருத்தம் மிகுந்தால் பொருட்களைச் சுற்றி ஒளிவட்டம் உண்டாகும். நிறங்களும் இயல்பு மாறும். விருத்தாசலத்தின் முதன்மைத் தொழில்களுள் ஒன்றான பீங்கான் தொழிலில் இது கருதத்தக்கது. மிகைப்படுத்திய படத்தை நம்பி வாங்குபவர் வேறு நிறப் பொருளைப் பெற நேரும். பளபளப்பான மேற்பூச்சில் தெரியும் விளக்கின் பிம்பத்தையும் இந்நுட்பம் நீக்காது. விளக்கின் முன் மெல்லிய வெண்துணி கட்டி ஒளியைப் பரவச் செய்வதே அதற்குத் தக்க வழி. கோயில் சிற்பங்களை ஆவணப்படுத்துவோர், இணைத்த படத்துடன் மூலப் படங்களையும் பாதுகாத்தல் வேண்டும். சிற்பத்தில் காணும் கருமை கல்லின் கறையா, மென்பொருளின் விளைவா என்பதைப் பின்னாளில் அவற்றைக் கொண்டே சரிபார்க்க இயலும்.