கை கற்கும் பாடம்

ஜவ்வாது மலையில் சாமை விதைப்பவர்க்கும் தேன் எடுப்பவர்க்கும் கையே முதற்பொருள். கை முடங்கினால் குடும்பமும் முடங்கும். தொழுநோயால் முடங்கிய கைகளை நிமிர்த்தும் அறுவை முறையை, அம்மலைக்கு அண்மையிலுள்ள வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் உருவாக்கியவர், 1946-இல் அங்கு வந்த எலும்பு மருத்துவர் டாக்டர் பால் பிராண்ட்.

அவரிடம் பயின்ற மாணவர் முதலில் அறிந்தது யாது? தொழுநோய் விரல்களைத் தின்பதில்லை. நரம்பைத் தாக்கி உணர்ச்சியைப் போக்குகிறது. சூட்டையும் வெட்டையும் உணராத கை, மீண்டும் மீண்டும் புண்பட்டே குறைகிறது. முழங்கை வழியே செல்லும் நரம்பு கெட்டால், கையின் சிறு தசைகள் செயலிழந்து, விரல்கள் பருந்தின் நகம்போல் வளைகின்றன. நோய் இன்று மருந்தால் தீரும். முன்பே முடங்கிய கை மருந்தால் நிமிராது. ஆயினும் முன்கைத் தசைகள் சில பழுதின்றி நிற்கும். அவற்றுள் ஒன்றன் தசைநாணை விரல்களில் இணைத்தால், இழந்த வேலையை அது ஏற்கும்.

கத்தியின் பணி அத்துடன் முடிகிறது. கட்டு அவிழ்ந்தபின் அத்தசைக்குப் புதிய தொழிலை நாள்தோறும் பழக்க வேண்டும். இன்றேல் அறுவை வீணாகும்.

இப்பாடத்தைத் தம் உடலாலும் கற்றவர் டாக்டர் மேரி வர்கீஸ். இளம் மருத்துவரான அவர், 1954-இல் நேர்ந்த கார் விபத்தால் நடக்கும் ஆற்றலை இழந்தார். பின்னர்ச் சக்கர நாற்காலியில் அமர்ந்தே தொழுநோயாளரின் கைகளைச் சீராக்கினார். 1966-இல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் தோன்றவும் முன்னின்றார்.

விரலை நிமிர்த்துவது மருத்துவரின் தேர்ச்சி. அக்கை மீண்டும் விதைக்கும் நாளே அவர் கல்வி நிறைவுறும் நாள்.