ஹார்னஸ் எதில் மாட்டியிருக்கிறது?

ஆறு வார்கள், நடுவில் ஒரு வட்டப் பூட்டு. ரேஸ் கார் ஹார்னஸ் பார்வைக்கு இவ்வளவுதான். தோளுக்கு இரண்டு வார்கள், இடுப்புக்கு இரண்டு, தொடைகளுக்கு நடுவே கீழிறங்கும் இரண்டு. பூட்டின் தலையைத் திருகினால் எல்லாம் ஒரே நொடியில் கழன்றுகொள்ளும். நல்ல ஹார்னஸ் வாங்குவதற்குப் பணம் இருந்தால் போதும். நாமே கட்டிய காரில் அதைப் பொருத்துவதற்குத்தான் அறிவும் பொறுமையும் வேண்டும். காரைக் கட்டுகிறவர்கள் எஞ்சினுக்குக் கொடுக்கும் நேரத்தில் பத்தில் ஒரு பங்கைக்கூட இதற்குக் கொடுப்பதில்லை என்பது என் வருத்தம்.

சொந்தமாக ரேஸ் கார் கட்டுவது நமக்குப் புதிதல்ல. கோயம்புத்தூரில் எஸ். கரிவரதன் 1980களின் இறுதியில் மாருதி 800 எஞ்சினை எடுத்து, இரும்புக் குழாய்ச் சட்டத்தில் வைத்து, ஃபார்முலா மாருதி என்ற ஒற்றை இருக்கைக் காரை உருவாக்கினார். வெளிநாட்டுக் கார் வாங்க வசதியில்லாத இளைஞர்களுக்கு அது பந்தயத்தின் வாசலைத் திறந்தது. பின்னாளில் 2005இல் ஃபார்முலா ஒன்னுக்குப் போன முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயன் தன் முதல் பந்தயத்தை ஓட்டியது ஃபார்முலா மாருதியில்தான். கரிவரதன் 1995இல் ஒரு சிறு விமான விபத்தில் இறந்தார். அவர் பெயரில் செட்டிபாளையத்தில் 2003இல் திறந்த கரி மோட்டார் ஸ்பீட்வேயில் இன்று பொறியியல் மாணவர்களின் ஃபார்முலா பாரத் போட்டி நடக்கிறது. புனே, மும்பை, சென்னை என்று பல ஊர்க் கல்லூரி அணிகள் தாங்களே வெல்டிங் செய்த கார்களை லாரியில் ஏற்றிக்கொண்டு வருகின்றன. அந்தக் கார்களில் ஆய்வாளர்கள் உற்றுப் பார்க்கும் இடங்களில் ஒன்று ஹார்னஸ்.

ஏன் அவ்வளவு கவனம் என்பதைக் கொஞ்சம் கணக்கில் பார்ப்போம். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் சுவரில் மோதி அரை மீட்டர் தூரத்துக்குள் நின்றுவிடுகிறது என்று வையுங்கள். உள்ளே இருப்பவர் 70 கிலோ எடையுள்ளவர். அவரைப் பிடித்து நிறுத்த ஏறக்குறைய 1,400 கிலோ எடைக்குச் சமமான விசை வேண்டும். அதாவது அவர் உடல் எடையைப்போல் இருபது மடங்கு. வேகம் 100 ஆனால், அதே அரை மீட்டரில் நிற்க இதைப்போல நான்கு மடங்கு. எந்த மனிதக் கையும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு இதைத் தாங்காது.

ஆனால் மனித உடல் தாங்கும், சரியாகக் கட்டிவைத்தால். அமெரிக்க விமானப்படை மருத்துவர் ஜான் ஸ்டாப் 1954 டிசம்பர் 10 அன்று ராக்கெட் பூட்டிய சறுக்கு வண்டியில் தன்னையே கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். மணிக்கு ஆயிரம் கிலோமீட்டரைத் தாண்டிய வேகத்திலிருந்து 1.4 நொடியில் வண்டி நின்றது. புவியீர்ப்பைப்போல் 46 மடங்கு விசை அவர் மேல் பாய்ந்தது. கண்ணில் இரத்த நாளங்கள் வெடித்தன. உயிர் போகவில்லை. அதற்கு முன்பே பலமுறை அவர் இந்தச் சோதனையைத் தன் உடம்பில் செய்து பார்த்திருந்தார். கார்களுக்கு சீட் பெல்ட் வேண்டும் என்று ஆயுள் முழுக்க வாதாடியவர் அவர்.

சரியாகக் கட்டுவது என்றால் முதலில் எலும்பில் கட்டுவது. இடுப்பு வார் வயிற்றின் மேல் வரவே கூடாது. இடுப்பெலும்பின் முன்முனைக்குக் கீழே, தொடை மடியும் இடத்தில் அழுந்தி உட்கார வேண்டும். அதற்கு வார் இருக்கையிலிருந்து கீழ்நோக்கிச் செங்குத்தாகவும் இல்லாமல் படுக்கையாகவும் இல்லாமல், நிமிர்ந்து உட்காரும் காரில் 45 முதல் 65 டிகிரி சாய்வில் இறங்கவேண்டும். இருக்கையின் ஓரத்துக்கு மேலே சுற்றி வராமல், பக்கவாட்டுத் துளை வழியாக நுழைந்து வந்தால்தான் இடுப்பை அணைத்துப் பிடிக்கும்.

தொடை நடுவே வரும் வார்களைப் பலர் வேண்டாத தொல்லை என்று கழற்றி வைத்துவிடுகிறார்கள். நான்கு வார் ஹார்னஸ் மலிவு என்று வாங்குகிறவர்களும் உண்டு. இதில் உள்ள ஆபத்து எளிதில் புரியக்கூடியது. தோள் வார்களை இழுத்து முடுக்கும்போது நடுவிலுள்ள பூட்டு மேலே ஏறும். பூட்டோடு இடுப்பு வாரும் ஏறும். மோதும் நொடியில் இடுப்பு அந்த வாருக்கு அடியில் வழுக்கிக்கொண்டு முன்னே போகும். அப்போது முழு விசையும் இறங்குவது கல்லீரல், மண்ணீரல், குடல் இருக்கும் மெத்தென்ற வயிற்றில். கீழ் வார்களின் முக்கிய வேலை பூட்டைக் கீழே இழுத்துப் பிடித்து இதைத் தடுப்பதுதான்.

தோள் வார்களில்தான் சொந்தமாகக் கட்டுகிறவர்கள் அதிகம் தவறுகிறார்கள். சாதாரணக் காரின் பின் சீட் தரையில் பெல்ட் மாட்டும் துளை ஏற்கெனவே இருக்கிறது. அதில் மாட்டிவிடலாம் என்று தோன்றும். அப்படி மாட்டினால் வார் தோளைத் தாண்டியதும் சரேலென்று கீழே இறங்குகிறது. ஒவ்வொரு வாரிலும் 400 கிலோ எடையளவு இழுப்பு வருகிறது என்று கொள்வோம். 45 டிகிரி சாய்வில் அதில் சுமார் 280 கிலோ கீழ்நோக்கிப் போய்விடும். இரு வாருக்கும் சேர்த்து 560 கிலோ முதுகுத்தண்டை மேலிருந்து அமுக்கும். உயிர் பிழைத்து நடை போன கதைகள் இங்கேதான் தொடங்குகின்றன. சர்வதேச மோட்டார் பந்தய அமைப்பான எஃப்.ஐ.ஏ. இந்த 45 டிகிரியை எல்லையாக வைத்து, 10 டிகிரிக்கு மேல் சாயாமல் இருப்பதே நல்லது என்கிறது. தோள் உயரத்தில், இருக்கைக்குப் பின்னால் குறுக்கே ஒரு குழாய் வைத்து அதில் வாரைச் சுற்றினால் இந்தக் கோணம் தானாக அமையும்.

குறுக்குக் குழாய் அருகில் இருப்பதில் இன்னொரு நன்மையும் உண்டு. பாலியெஸ்டர் வாரும் இழுத்தால் நீளும். பத்தில் ஒரு பங்கு நீளும் என்று எடுத்துக்கொண்டால், 30 சென்டிமீட்டர் வார் மூன்று சென்டிமீட்டர் நீளும், ஒரு மீட்டர் வார் பத்து. அந்த ஏழு சென்டிமீட்டர் வித்தியாசம் தலை ஸ்டியரிங்கில் படுமா படாதா என்பதைத் தீர்மானிக்கப் போதும். நைலான் இன்னும் அதிகம் நீளும். அதனால்தான் ரேஸ் ஹார்னஸுக்குப் பாலியெஸ்டரை விரும்புகிறார்கள்.

இனி வார்களைப் பிடிக்கும் இரும்பு. புனேயில் கோத்ரூட் பக்கத்துக் குன்றின் மேல் 1966இல் தொடங்கிய ஏ.ஆர்.ஏ.ஐ. என்ற வாகன ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. தொழிற்சாலையில் உருவாகும் ஒரு கார் மாடல் விற்பனைக்கு வருமுன், இதுபோன்ற சோதனைக்கூடத்தில் சீட் பெல்ட் பிடிக்கும் இடங்களை இயந்திரம் கொண்டு இழுத்துப் பார்ப்பார்கள். ஐ.நா.வின் ஆர்14 விதியில் சிறு காரின் மூன்று முனை பெல்ட்டுக்குத் தோள் பகுதியிலும் இடுப்புப் பகுதியிலும் தலா 13,500 நியூட்டன், அதாவது 1,350 கிலோவுக்குச் சற்று மேற்பட்ட எடையின் இழுப்பு. பட்டறையில் கட்டிய காரை இப்படி யாரும் இழுத்துப் பார்ப்பதில்லை. அந்தக் காரின் முதல் இழுவைச் சோதனை விபத்துதான். ஆகவே சோதனை செய்யாமலே நம்பக்கூடிய அளவுகளை எஃப்.ஐ.ஏ. விதியாக எழுதி வைத்திருக்கிறது. தோள், இடுப்பு வார்கள் பிடிக்கும் ஒவ்வொரு முனையும் 1,470 டெக்கா நியூட்டன், அதாவது ஏறக்குறைய ஒன்றரை டன் தாங்க வேண்டும். கீழ் வார் முனை 720. தகட்டில் புதிதாகத் துளை போட்டால், பின்னால் குறைந்தது 40 சதுர சென்டிமீட்டர் பரப்பும் 3 மில்லிமீட்டர் கனமும் உள்ள எஃகு பிளேட் வைத்தே ஆகவேண்டும். குறுக்குக் குழாய் என்றால் தையலில்லாத எஃகுக் குழாய், விட்டம் 38 மில்லிமீட்டரும் சுவர் 2.5 மில்லிமீட்டரும், அல்லது 40க்கு 2.

பிளேட் எதற்கு என்று கேட்கலாம். காரின் தரைத் தகடு ஒரு மில்லிமீட்டர் கனம்கூட வராது. சிறு வாஷரை மட்டும் வைத்து போல்ட்டை முடுக்கினால், இழுப்பு வரும்போது போல்ட் முறியாது. வாஷரோடு சேர்ந்து தகட்டைப் பிய்த்துக்கொண்டு வரும். பிளேட் அந்த இழுப்பைப் பரப்பில் பகிர்ந்துகொள்கிறது. குழாயைத் துளைத்து போல்ட் போடுகிறவர்கள் உள்ளே ஒரு புஷ் வைத்து வெல்டிங் செய்ய வேண்டும். இல்லையென்றால் நட்டை முடுக்க முடுக்கக் குழாய் நசுங்கும், முடுக்கு நிற்காது. போல்ட்டில் 8.8 என்ற தர எண் பொறித்திருக்கிறதா என்று பாருங்கள். எண்ணில்லாத போல்ட் வேலிக்கும் கேட்டுக்கும் போதும், இதற்கு ஆகாது. இழுப்பு போல்ட்டுக்குக் குறுக்காக வரும்படி வையுங்கள். வாரின் முனையிலுள்ள இரும்புப் பட்டை இழுக்கும் திசையைப் பார்த்து நேராக நிற்க வேண்டும், வளைந்து நிற்கக் கூடாது.

குழாயில் வாரைக் கட்டும் விதத்தை ஒருமுறை நெருங்கிப் பார்ப்போம். மூன்று கம்பிகளுள்ள சிறிய இரும்புச் சட்டம் ஒன்று கூடவே வரும். வாரை அதன் வழியே விட்டு, குழாயைச் சுற்றி, திரும்பவும் அதே சட்டத்துக்குள் நுழைத்து, பிறகு மேலும் ஒருமுறை மடக்கி நடுக்கம்பிக்குக் கீழே செலுத்த வேண்டும். இந்தக் கடைசி மடக்கைப் பலர் விட்டுவிடுகிறார்கள். கையால் இழுத்தால் நிற்பதுபோல்தான் இருக்கும். டன் கணக்கில் இழுக்கும்போது வார் சட்டத்திலிருந்து வழுக்கி வெளியே வந்துவிடும். மடக்கிய பிறகு நுனியில் 10 சென்டிமீட்டராவது மீதி இருக்க வேண்டும். சட்டம் குழாயை ஒட்டி உட்கார வேண்டும். வார் சட்டத்தின் முழு அகலத்திலும் தட்டையாகப் படிந்திருக்க வேண்டும், ஒரு பக்கம் சுருண்டு ஒதுங்கக் கூடாது.

இந்த ஒதுங்கலை அற்பமாக நினைக்க வேண்டாம். 2001 பிப்ரவரி 18 அன்று அமெரிக்காவின் டேடோனா பந்தயத்தில் கடைசிச் சுற்றில் பந்தய வீரர் டேல் எர்ன்ஹார்ட் சுவரில் மோதி இறந்தார். அவரது இடப்பக்க இடுப்பு வார் அறுந்திருந்தது. அந்த ஆண்டு ஆகஸ்டில் வந்த விசாரணை அறிக்கை, வார் சட்டத்தின் ஒரு மூலைக்கு ஒதுங்கி அங்கிருந்து கிழிந்தது என்றது. துணிக்கடைக்காரர் ஓரத்தில் சிறு வெட்டுப் போட்டுவிட்டு ஒரே இழுப்பில் கிழிப்பாரே, அதே கதிதான் அந்த வாருக்கும். முழு அகலமும் சேர்ந்து இழுக்கும்போது எல்லா நூலும் தாங்கும். ஓரத்து நூல்கள் மட்டும் தாங்க நேர்ந்தால் ஒவ்வொன்றாகப் போகும்.

எர்ன்ஹார்ட்டின் மரணத்துக்குக் காரணம் மண்டையோட்டின் அடிப்பகுதி முறிவு. ஹார்னஸின் இன்னொரு பக்கத்தை இது காட்டுகிறது. உடம்பை இறுக்கிக் கட்டினால் தலை மட்டும் தனியாக முன்னே பாயும். தலையும் ஹெல்மெட்டும் சேர்ந்து ஆறரை கிலோ என்றால், புவியீர்ப்பைப்போல் 40 மடங்கு விசையில் அது 260 கிலோ எடையளவுக்குக் கழுத்தைப் பிடித்து இழுக்கும். இதற்கு மாற்றை 1980களிலேயே அமெரிக்கப் பேராசிரியர் ராபர்ட் ஹப்பர்டும் அவரது உறவினரான பந்தய வீரர் ஜிம் டவுனிங்கும் கண்டுபிடித்திருந்தார்கள். தோளில் உட்காரும் ஒரு கழுத்துப் பட்டையும் அதிலிருந்து ஹெல்மெட்டுக்குப் போகும் கயிறுகளும்தான் ஹான்ஸ் சாதனம். அதைத் தோள் வார்கள் அழுத்திப் பிடித்துக்கொள்கின்றன. பல ஆண்டுகள் பலர் அதை அணிய மறுத்தார்கள். எர்ன்ஹார்ட் இறந்த அதே ஆண்டில் அமெரிக்கப் பந்தய அமைப்பான நாஸ்கார் கழுத்துப் பாதுகாப்பைக் கட்டாயமாக்கியது. ஃபார்முலா ஒன் 2003இல் ஹான்ஸைக் கட்டாயமாக்கியது. ஆறு வார் ஹார்னஸ் வாங்குகிறவர் ஹான்ஸுக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்காவிட்டால், பாதிப் பாதுகாப்பைத்தான் வாங்குகிறார்.

தெருவில் ஓடும் காரில் ஹார்னஸ் மாட்டலாமா என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். வேண்டாம் என்பதே என் பதில். கார் உருண்டு கூரை உள்ளே அமுங்கினால், சாதாரண மூன்று முனை பெல்ட் போட்டவர் பக்கவாட்டில் சாய இடமுண்டு. ஹார்னஸ் போட்டவர் ஆணி அடித்தாற்போல் நிமிர்ந்தே இருப்பார். கூரையைத் தாங்கும் குழாய்க்கூண்டான ரோல் கேஜ் இல்லாமல் ஹார்னஸ் போடுவது அந்தக் காரணத்தால் ஆபத்து. ரோல் கேஜ் போட்டால் ஹெல்மெட் இல்லாத தலை அந்தக் குழாயில் மோதும். சாயும் சீட்டின் முதுகு ஹார்னஸின் இழுப்பைத் தாங்கவும் செய்யாது. ஹார்னஸ், ரோல் கேஜ், ஹெல்மெட் எல்லாம் ஒன்றோடொன்று பின்னியவை, பந்தயத் தடத்துக்கு உரியவை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவும் பதிவு ஆவணத்துக்கு மாறாகக் காரை மாற்றுவதை அனுமதிப்பதில்லை.

தடத்துக்குரிய வேகத்தைத் தெருவுக்குக் கொண்டுவந்தால் என்ன ஆகும் என்பதைப் புனே கண்டது. 2024 மே 19 அதிகாலை, ஏரவாடா காவல் நிலைய எல்லைக்குள் வரும் கல்யாணி நகரில், விரைந்து வந்த ஒரு போர்ஷே கார் மோதி மோட்டார் சைக்கிளில் போன இரண்டு இளம் மென்பொருள் பொறியாளர்கள் இறந்தார்கள். காருக்குள் இருந்தவர்களுக்குப் பெல்ட் உண்டு, காற்றுப்பை உண்டு. மோட்டார் சைக்கிளில் போனவர்களைக் காக்க எந்த வாரும் இல்லை. வேகம் பிடித்தவர்களுக்கு இருங்காட்டுக்கோட்டையிலும் செட்டிபாளையத்திலும் தடம் இருக்கிறது.

தடத்துக்குப் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். வார்களை இந்த வரிசையில் முடுக்குங்கள்: முதலில் இடுப்பு, பிறகு கீழ் வார், கடைசியில் தோள். கட்டிய நிலையில் எஞ்சின் சுவிட்சும் தீயணைப்பு விசையும் கைக்கு எட்டுகின்றனவா என்று பாருங்கள். மாணவர் போட்டிகளில் ஓட்டுநர் ஐந்து நொடிக்குள் கட்டை அவிழ்த்து வெளியே வந்தாக வேண்டும். நீங்களும் கண்ணை மூடிக்கொண்டு அதைப் பழகுங்கள். வெல்டிங் செய்யும்போது வார்களைக் கழற்றி வையுங்கள், ஒரு பொறி பட்டாலும் நூல் உருகிவிடும். வெயிலில் கிடக்க விடாதீர்கள். வாரில் தைத்திருக்கும் லேபிளில் தேதி இருக்கும். அமெரிக்க எஸ்.எஃப்.ஐ. 16.1 சான்றுள்ள ஹார்னஸின் ஆயுள் இரண்டே ஆண்டு. ஒரு பெரிய மோதலைத் தாங்கிய வாரை, பார்க்கப் புதிதுபோல் இருந்தாலும், மறுபடி பயன்படுத்தக் கூடாது. பழைய ஹார்னஸ் பாதி விலைக்குக் கிடைத்தால், அது எதைத் தாங்கியது என்று விற்பவருக்கே தெரியாமல் இருக்கலாம். அதை வாங்காதீர்கள்.

முதல் ஓட்டத்துக்கு முன்னால் காரைக் கட்டாத ஒருவரை அழைத்து வந்து, ஒவ்வொரு போல்ட்டையும் மடக்கையும் அவர் கையால் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அவர் சந்தேகப்படும் எதையும் கழற்றி மறுபடி செய்யுங்கள்.