பேகனுக்கு நண்பர்கள் இருந்தார்கள்

வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானலுக்கு ஏறும் பேருந்தில் பெரும்பாலும் இரண்டு வகைக் கூட்டத்தைப் பார்க்கலாம். முன்னிருக்கைகளில், தாலிக்கயிற்றின் மஞ்சள் இன்னும் மங்காத புதுமணத் தம்பதிகள். கடைசி இருக்கையில், பாட்டும் கூச்சலுமாக நண்பர் பட்டாளம். கொண்டை ஊசி வளைவுகள் முடியும்வரை ஒரு கூட்டம் மற்றதைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

மலை மேலேயும் இந்த இரு தரப்புக்கும் ஒரே முகவரிதான். 1991இல் 'குணா' படம் வெளியானதிலிருந்து, தூண் பாறைக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தக் குகை காதலின் பெயரால் அறியப்பட்டது. 2006இல் கேரளத்திலிருந்து வந்த நண்பர் குழுவில் ஒருவர் அந்தப் பாறை இடுக்கில் விழுந்துவிட்டார். நண்பர்களில் ஒருவரே கயிறு கட்டிக்கொண்டு இறங்கி அவரை மீட்டார். அந்தக் கதை 2024இல் 'மஞ்சும்மல் பாய்ஸ்' படமாக வந்தபோது, காதலிக்கு எழுதும் கடிதமாக இளையராஜா இசையமைத்த 'குணா' பாட்டை நண்பனை மேலே தூக்கும் காட்சியில் வைத்தார்கள். தமிழ்நாட்டுத் திரையரங்குகள் ஆர்ப்பரித்தன. காதலுக்கான பாட்டு நட்புக்கும் அவ்வளவு கச்சிதமாகப் பொருந்தியதில் யாருக்கும் உறுத்தல் இல்லை.

அப்படியானால் காதலும் நட்பும் ஒரே ஆளிடம் கிடைக்க வேண்டுமா? கட்டிய கணவனே, மனைவியே உயிர் நண்பராகவும் இருந்தாக வேண்டுமா? இன்றைய பிள்ளைகள் ஆமாம் என்றுதான் சொல்கிறார்கள். வரன் தேடும் விளம்பரத்திலேயே 'நல்ல தோழியாக இருக்க வேண்டும்' என்று எழுதுகிறார்கள். திருமண நாளன்று வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் 'என் பெஸ்ட் ஃப்ரெண்டுக்கு' என்று வாழ்த்துப் போடுகிறார்கள்.

அதற்கு ஆதாரமும் இருக்கிறது. கனடாவின் பொருளியல் ஆய்வாளர்கள் ஜான் ஹெலிவெல்லும் ஷான் க்ரோவரும் பிரிட்டன் குடும்பங்களின் தரவுகளை வைத்து 2014இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். திருமணம் மனநிறைவைக் கூட்டுகிறது. துணையையே உற்ற நண்பராகக் கருதுகிறவர்களுக்கு அந்தப் பலன் ஏறக்குறைய இரட்டிப்பு என்பது அவர்கள் கண்டது. அமெரிக்க உளவியலாளர் எலி ஃபிங்கல் 2017இல் எழுதிய நூலில் வேறொரு பக்கத்தைக் காட்டினார். முன்பு ஊரும் உறவும் நட்பும் பகிர்ந்து சுமந்ததையெல்லாம் இப்போது ஒரே ஆளின் தலையில் ஏற்றுகிறோம். அதைத் தாங்கும் திருமணங்கள் சில, தாங்காமல் தளர்பவை பல என்பது அவர் வாதம்.

எனக்கு இந்தக் கேள்விக்கான விடை நம் மலையிலேயே இருப்பதாகத் தோன்றுகிறது. அதுவும் சங்க காலத்திலிருந்தே.

மயிலுக்குப் போர்வை தந்த பேகனைப் பள்ளிப் பாடத்தில் படித்திருப்போம். வையாவிக் கோப்பெரும் பேகன், கடையெழு வள்ளல்களில் ஒருவன்; பொதினி என்று அன்று வழங்கிய பழனியை ஆண்ட ஆவியர் குடித் தலைவன். பாடப் புத்தகம் அவனைப் பற்றிச் சொல்லாத ஒரு சேதியைப் புறநானூறு சொல்கிறது. குளிரில் மயில் நடுங்குமே என்று இரங்கிய அந்த மனிதன், தன் மனைவி கண்ணகியைத் தனியே விட்டுவிட்டு வேறொருத்தியை நாடிப் போனான்.

அவன் வாசலில் நின்று அதைக் கேட்டவர்கள் யார்? அரசனின் தம்பியில்லை, மாமனாரில்லை, குலப் பெரியவர்களில்லை. கபிலர், பரணர், அரிசில்கிழார், பெருங்குன்றூர்கிழார் என்ற நான்கு புலவர்கள். புறநானூற்றின் 143ஆம் பாட்டிலிருந்து 147ஆம் பாட்டு வரை, அடுத்தடுத்து ஐந்து பாடல்கள் இந்த ஒரே வழக்குக்காக இருக்கின்றன. வள்ளலிடம் பரிசு பெற வந்தவர்கள், உன் பொன்னும் பொருளும் எங்களுக்கு வேண்டாம் என்கிறார்கள். இன்றிரவே தேரைப் பூட்டி அவளிடம் போ, அதுதான் நாங்கள் கேட்கும் பரிசு என்கிறார்கள். தனக்குச் சோறு போடும் கையைப் பார்த்து இப்படிச் சொல்ல எவ்வளவு துணிச்சல் வேண்டும்! சொந்தக்காரன் சொன்னால் அதிகாரம் என்று எரிச்சல் வரும், மனைவி சொன்னால் சண்டை என்று ஒதுக்கிவிடலாம். நண்பன் சொன்னால் தப்பிக்க வழியில்லை. பேகன் திரும்பிப் போனானா என்று அந்தப் பாடல்களில் இல்லை. ஆனால் அந்த வீட்டுக்காக வாதாட வெளியிலிருந்து நான்கு பேர் வந்தார்கள். பேகனுக்குக் கண்ணகி மட்டுமே நண்பராக இருந்திருந்தால், அவன் தவறியபோது அவனைத் தடுக்க ஒருவரும் இருந்திருக்க மாட்டார்கள்.

அகப்பாட்டிலும் இதே ஏற்பாடுதான். இந்த மலைகள் குறிஞ்சித் திணைக்குரிய நிலம், கூடலின் நிலம். அந்தக் கூடல்கூட இருவரால் மட்டும் நடப்பதில்லை. தலைவனுக்குப் பாங்கன் உண்டு, தலைவிக்குத் தோழி உண்டு. சந்திப்புக்கு இடம் குறிப்பதும், காலம் கடத்தும் தலைவனிடம் சீக்கிரம் மணந்துகொள் என்று நெருக்குவதும், வீட்டாரிடம் உண்மையைப் பக்குவமாக உடைப்பதும் தோழி. அவளை எடுத்துவிட்டால் பாதி அகப்பாட்டு நின்றுபோகும்.

இதனால் கணவன் மனைவிக்குள் நட்பே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. அது எவ்வளவு அவசியம் என்பதையும் கொடைக்கானல் கண்டிருக்கிறது. ஆயுதப்படை சிறப்பு அதிகாரச் சட்டத்தை நீக்கக் கோரி 2000 நவம்பரில் மணிப்பூரில் உண்ணாநிலை தொடங்கிய இரோம் சர்மிளா, 16 ஆண்டுகள் மூக்கில் குழாயோடு இம்பால் மருத்துவமனைக் காவலில் இருந்தார். உலகம் அவரை இரும்புப் பெண் என்றது, ஊர் தெய்வமாக்கியது. தெய்வத்துக்குப் பசியும் கூடாது, காதலும் கூடாது. அவரைப் பற்றிய புத்தகம் ஒன்றைப் படித்துவிட்டுக் கடிதம் எழுதத் தொடங்கியவர், பிரிட்டிஷ் குடியுரிமை கொண்ட டெஸ்மண்ட் குட்டின்ஹோ. 2011இல் சர்மிளா தன் காதலை வெளிப்படையாகச் சொன்னபோது கொதித்தவர்கள் அவருடைய ஆதரவாளர்களே. 2016 ஆகஸ்ட் 9 அன்று உண்ணாநிலையை முடித்தபோது தங்க இடம் கிடைக்காமல் மருத்துவமனைக்கே திரும்ப வேண்டியிருந்தது. அடுத்த ஆண்டுத் தேர்தலில் தொபால் தொகுதி அவருக்குத் தந்தது 90 வாக்குகள்.

அதன் பிறகுதான் அவர் நம் மலைக்கு வந்தார். சிறப்புத் திருமணச் சட்டப்படி சார்பதிவாளர் அலுவலகத்தில் 30 நாள் அறிவிப்பு ஒட்டினார்கள். இவர்கள் இங்கே குடியிருந்தால் மலையின் அமைதி கெடும் என்று உள்ளூரில் ஒருவர் ஆட்சேபம் எழுதிக் கொடுத்தார். அது தள்ளுபடியாகி, 2017 ஆகஸ்ட் 17 அன்று ஆரவாரமில்லாமல் பதிவுத் திருமணம் நடந்தது. எல்லோரும் ஒரு கொடியாகவே பார்த்த பெண்ணைப் பசியும் ஆசையும் உள்ள மனுஷியாகப் பார்ப்பவன் நண்பன். அந்தப் பார்வை இல்லாதவரோடு ஒரே கூரையின் கீழ் காலம் தள்ளுவது கொடுமை. ஆகவே துணை நண்பராக இருந்தே ஆக வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

ஆனால் ஒரே நண்பராக இருக்கக் கூடாது. நம் ஊரில் அந்த 'ஒரே' என்ற பூட்டு பெண்களுக்கு மட்டுமே விழுகிறது என்பதுதான் என் ஆதங்கம்.

2022 செப்டம்பரில் உசிலம்பட்டியில் ஒரு கல்யாணம். மணமேடையிலேயே மாப்பிள்ளையின் நண்பர்கள் 20 ரூபாய் முத்திரைத்தாளை நீட்டினார்கள். சனி, ஞாயிறுகளில் கணவனைக் கிரிக்கெட் ஆட அனுமதிப்பேன் என்று மணப்பெண்ணிடம் கையெழுத்து வாங்கினார்கள். பத்திரிகைகளெல்லாம் ரசித்து எழுதின. அந்த நண்பர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை; நட்புக்கு ஆபத்து என்று தெரிந்து முன்கூட்டியே வழி செய்துகொண்டார்கள். ஆனால் மணப்பெண்ணின் தோழிகளுக்காக எந்த மாப்பிள்ளையும் முத்திரைத்தாளில் கையெழுத்துப் போட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. மண்டப வாசல் ஃப்ளெக்ஸைப் பாருங்கள். கூலிங்கிளாஸ் போட்ட மாப்பிள்ளையின் நண்பர்கள் பத்திருபது பேர் வரிசையாகச் சிரிப்பார்கள். பெண்ணின் தோழி ஒருத்தியின் முகமும் இருக்காது.

கல்யாணத்துக்குப் பிறகு அவள் ஊர் மாறுகிறது. போன் கொஞ்சம் நீண்டால் 'யார்கிட்ட இவ்வளவு நேரம் பேச்சு?' என்ற கேள்வி கூடத்திலிருந்து வருகிறது. தோழி வீட்டு விசேஷத்துக்குப் போக மூன்று பேரிடம் சம்மதம் வாங்க வேண்டும். நாலைந்து வருடத்தில் எல்லாம் தானாகவே அறுந்துவிடுகிறது. அப்போது கணவன் ஆசையாகத்தான் சொல்கிறான்: 'நான்தான் உனக்கு பெஸ்ட் ஃப்ரெண்ட் ஆச்சே, வேற யார் வேணும்?' அந்தக் கணவனோடே மனத்தாங்கல் வருகிற அன்று அவள் யாரிடம் போவாள்? அம்மாவிடம் சொன்னால் அழுவார். மாமியாரிடம் சொல்ல முடியாது. தோழியிடம் சொல்லியிருந்தால், 'உன் பேர்லயும் தப்பிருக்குடி' என்றுகூட அவள் சொல்லியிருப்பாள். வீட்டுக்குள் பாதிச் சண்டை அங்கேயே தீர்ந்திருக்கும்.

பேகன் கதையில் எனக்குத் தாங்காத இடமும் இதுதான். மழைக்கால மாலையில் பரணர் யாழ் மீட்டிப் பாட, அதைக் கேட்டு ஒரு பெண் அழுகிறாள். எங்கள் நட்பை விரும்புகிறவனுக்கு நீ உறவா அம்மா என்று கேட்கிறார். விரல்களால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, நான் அவனுக்கு உறவில்லை என்கிறாள் கண்ணகி. அவளுக்காகப் பேசிய நான்கு பேரும் அவன் வாசலுக்கு வந்த புலவர்கள்தான். அவளுக்கென்று ஒரு தோழி அந்த ஐந்து பாட்டிலும் வரவில்லை.

மனைவியே என் உயிர்த் தோழி என்று நினைக்கும் கணவர்கள் ஒன்று செய்யுங்கள். கல்யாணத்துக்கு முன் அவருக்கு நெருக்கமான தோழி யார், கடைசியாக எப்போது நேரில் பார்த்தார் என்று கேளுங்கள். வருடக்கணக்கில் ஆகிவிட்டது என்று பதில் வந்தால், வருகிற ஞாயிறு சமையலையும் பிள்ளைகளையும் நீங்கள் ஏற்றுக்கொண்டு, அவரை அந்தத் தோழி வீட்டுக்கு அனுப்பி வையுங்கள். எத்தனை மணிக்குத் திரும்புவாய் என்று மட்டும் கேட்காதீர்கள்.